கை கூடும் வரை

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. தீர்ப்புச் சொல்வது கடினமாக இருப்பதும் அதனால்தான். முடிவில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன். நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள்.

விருத்தாசலத்தில் தில்லைநாயகி என்றோர் அம்மாள் இருந்தார். போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். ஒருமுறை சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கமில்லாதவர். கணவர் காலமான பின் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள் தேன்மொழி கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருந்தாள். அவள்தான் அஞ்சலை என்ற பெண்ணைத் தேடிப்பிடித்து, வீட்டோடு தங்கிச் சமைக்கவும் துணைக்கு இருக்கவும் ஏற்பாடு செய்தாள். அஞ்சலைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. தனக்கென்று யாரும் இல்லாதவள். சேர்ந்த அன்றே தேன்மொழி அவளிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள்: "அம்மாவுக்கு என்ன ஆனாலும் எங்கிட்ட மறைக்கக் கூடாதுக்கா."

ஒன்பது வருடம் ஓடியது. காலையில் தில்லைநாயகி செய்தித்தாளை உரக்கப் படிப்பார். அஞ்சலை காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். ஊர் உலகத்தில் யார் செய்தது தப்பு என்று இருவரும் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை இல்லாத நாளில் தில்லைநாயகிக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் காலை, துணி உலர்த்தப் போன தில்லைநாயகி கொல்லைப் படியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. ஆட்டோவில் திரும்பும்போதே அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேனுகிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா வீட்டைப் பூட்டிட்டு என்னைக் கூட்டிட்டுப் போயிடுவா. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

வலியில் வெளுத்துப்போயிருந்த அந்த முகத்தைப் பார்த்து அஞ்சலை, "சொல்ல மாட்டேம்மா" என்றாள்.

மூன்றாம் நாள் தேன்மொழி போனில் அஞ்சலையிடம், அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அஞ்சலை சொல்லிவிட்டாள்.

மறுநிமிடமே மகள் தாயை அழைத்து, பத்து நாளில் வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். தில்லைநாயகி போனை வைத்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். ஆனால் வாயில் வந்தது கோபம்.

"இன்னையிலேர்ந்து உனக்கு இங்க வேலை இல்லை. பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

அஞ்சலை மறுத்துப் பேசவில்லை. "சொன்ன சொல்லைக் காப்பாத்தலை. வேலையை விட்டு எடுத்தது நியாயம்தாம்மா. ஆனா கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இந்த வீட்ட விட்டு நான் போவ மாட்டேன்."

"என் வீட்டுல இருந்துக்கிட்டுப் போக மாட்டேன்னு சொல்ல நீ யாரு? போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. வர்றவங்களுக்கு ஒத்தைக் கையால டீ போட்டுக் கொடுத்துடுவீங்களா?"

தில்லைநாயகி போலீசைக் கூப்பிடவில்லை. அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார். அஞ்சலை கீழ்ப்படிந்தாள். பின்கட்டில் தன் அறையில் தனியாக ஒரு ஸ்டவ்வை வைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தாள். கதவை மட்டும் சாத்தவே இல்லை. தில்லைநாயகி ரொட்டியும் பழமும் தின்று நாளைக் கழித்தார். ஒரு நாள் ஊறுகாய் பாட்டிலைத் தொடைக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் திருகித் திருகிப் பார்த்து, முடியாமல் கூடத்து மேசைமேல் ணங்கென்று வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் மூடி தளர்ந்திருந்தது. யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. அடுத்த நாள் சீப்பையும் எண்ணெயையும் அதே மேசையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அஞ்சலை வந்து பின்னிவிட்டுப் போனாள்.

பத்தாம் நாள் தேன்மொழி வந்தாள்.

"நீ கொண்டாந்து விட்ட ஆளுதானே, நீயே வெளியே அனுப்பு" என்றார் தாய்.

தேன்மொழி சங்கடப்பட்டாள். "அக்கா, என்னாலதான் உங்களுக்கு இந்தக் கஷ்டம். அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் எங்க வீட்டுக்கே வந்துடுங்க. ரூம் இருக்கு, வேலையும் இருக்கு."

"அம்மா இஷ்டப்பட்டு வந்தா நானும் வரேன். அவங்கதான் வர மாட்டேங்கறாங்களே. கட்டுப் பிரியட்டும், போயிடறேன்."

பின்கட்டில் ஓர் ஆள் அசையாமல் இருப்பதைப் பார்த்த பிறகு, தாயை வற்புறுத்த மகளுக்கு மனம் வரவில்லை. தனியாகவே ஊர் திரும்பினாள்.

ஆறு வாரம் முடிந்தது. கட்டுப் பிரித்துவிட்டு வீடு வந்த தில்லைநாயகி, மெலிந்துபோன தன் கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அஞ்சலை தகரப்பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"வரேம்மா" என்றாள்.

தில்லைநாயகி எழுந்து வாசல்வரை வந்தார்.

கதையை இங்கே நிறுத்துகிறேன். சொல் தவறியவளை வேலையை விட்டு நீக்கினார் தாய். நீக்கிய பின்னும் பிறர் வீட்டை விட்டுப் போக மறுத்தாள் அஞ்சலை. தாயைப் பற்றிய உண்மையைச் சொல்லும்படி அவளிடம் வாக்கு வாங்கினாள் மகள். இம்மூவரில் யார் நடந்துகொண்டது சரி?

விடை: அஞ்சலை. வேலை கொடுப்பதும் எடுப்பதும் தில்லைநாயகியின் உரிமை. அதை அஞ்சலை ஒரு நாளும் மறுக்கவில்லை. வாக்குத் தவறியதற்கான தண்டனையை முழுதாக ஏற்றுக்கொண்டாள். ஆனால் கை முறிந்தவரைத் தனியே விட்டுப் போ என்று சொல்ல எந்த எஜமானிக்கும் உரிமை இல்லை. அந்த ஒன்றைத்தான் அவள் ஏற்கவில்லை. தானே குறித்த நாளில் பெட்டியையும் எடுத்துவிட்டாள். மகளின் பிழை, தாயிடம் கேட்க வேண்டியதை வேலைக்கு வந்தவளிடம் கேட்டது. தாயின் பிழை, கோபத்தை வருத்தத்துக்கு முன்னால் பேசவிட்டது. அதை அவரே திருத்திக்கொண்டார். "சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லி, ஆறு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தானே ரசம் வைத்தார். "உப்புத் தூக்கலா இருக்கும்மா" என்றாள் அஞ்சலை. "அப்போ நாளைக்கு நீ வை" என்றார் தில்லைநாயகி. அதன் பிறகு ஒரு நாள் இவர் சமையல், ஒரு நாள் அவள் சமையல். வேலையை விட்டு நீக்கிய உத்தரவை மட்டும் அவர் இன்றுவரை திரும்பப் பெறவில்லை.