பத்துப் பொன் கூடுதல்

முன்னே ஒரு காலத்தில் குன்றைநாட்டைச் செண்டலங்காரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட கட்டளையை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுகிற ராஜா.

அந்தத் தலைநகரில் உமையாள் என்பவள் உண்டியல் கடை வைத்திருந்தாள். அவளிடம் பொன்னைக் கட்டினால் ஓர் ஓலை தருவாள். அதைத் துறைமுகத்தில் அவள் கொழுந்தனிடம் நீட்டினால் அதே பொன் கைக்கு வரும். விவரம் சொல்லும் இன்னோர் ஓலை அஞ்சல்காரன் கையில் தனியாகப் போகும். வழியில் கள்ளர் பயமில்லை. ஆனால் பொன் சுமந்து கூலி பார்த்த பொக்கிஷக்காரர் கச்சிராயரின் வண்டிகள் சும்மா கிடந்தன. மனுஷருக்கு வயிறு எரியாதா?

"மகாராஜா, ஓலையை யாரும் பிரதி எடுக்கலாம். ஊரே ஏமாறப் போகிறது!" என்று சபையில் முறையிட்டார்.

"எடுத்துக் காட்டும்" என்றான் ராஜா. "பொன் கிடைத்தால் உமையாள் கடைக்குப் பூட்டு. அவளும் நாட்டைவிட்டுப் போகவேண்டும்."

"உத்தரவு மகாராஜா" என்றாள், சபைக்கு அழைத்துவரப்பட்ட உமையாள். அவளுக்கு உள்ளுக்குள் பயம்தான்.

நூறு பொன் கட்டிய மிளகு வியாபாரி ஒருவன் சத்திரத்தில் குளிக்கப் போன நேரம், கச்சிராயர் அவன் ஓலையை எழுத்தெண்ணிப் பிரதி எடுத்தார். அஞ்சல்காரனுக்கு லஞ்சம் கொடுத்து மற்ற ஓலையையும் படித்துவிட்டார். பிறகு வியாபாரிபோல் வேஷம் போட்டுத் துறைமுகத்துக்குக் கிளம்பினார். வேடிக்கை பார்க்க ராஜாவும் வேலைக்காரன் வேஷத்தில் கூடவே போனான்.

கொழுந்தன் ஓலைகளை ஒத்துப் பார்த்துப் பொன்னை எண்ணினான். நூற்றுப்பத்து! கச்சிராயர் திகைத்து வாய் திறக்குமுன் ராஜா முழங்கையால் இடித்து, "பேசாமல் வாங்கும்!" என்று முணுமுணுத்தான். அவரும் மூட்டை கட்டினார்.

"கட்டுங்கடா இவங்களை!" என்று கத்தினான் கொழுந்தன். வேஷத்தைக் கலைத்து முத்திரை மோதிரத்தைக் காட்டித்தான் ராஜா தப்பினான்.

மறுவாரம் சபையில் உமையாள் விளக்கினாள்: "எங்கள் கடையில் பத்துப் பொன் கூட்டித்தான் எண்ணுவோம். அதைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டினவர் காதில் மட்டும் சொல்லியிருப்போம். தன் பணம் போய்விடுமே என்று எந்த வியாபாரியும் வெளியே மூச்சு விடமாட்டான்."

"இவர் தற்செயலாகத் திருப்பிக் கொடுத்திருந்தால்?" என்று கேட்டான் ராஜா.

"கூட வந்ததைத் திருப்பிக் கொடுக்கிறவர் கள்ள ஓலை எழுதுவாரா, மகாராஜா?"

சபை கைதட்டியது. கச்சிராயர் தலை கவிழ்ந்தார்.

"ஒரு வருஷம் இவர் உன் ஓலைகளைச் சுமக்கட்டும்" என்ற ராஜா சற்றே நெளிந்தான். "அன்றைக்கு இவரை வாய் திறக்கவிடாதவன் நான். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. இனி நாட்டு வரிப்பொன் எல்லாம் உன் கடை வழியே போகும்."

உமையாள் கும்பிட்டாள். "சந்தோஷம் மகாராஜா. கூலி நூற்றுக்கு ஒன்று."

"ராஜாவுக்குமா?"

"மகாராஜாவுக்கு நூற்றுக்கு இரண்டு. இடித்த முழங்கைக்கு ஒன்று."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டையும் கொடுத்தான்.