குழியில விழுந்த கொண்டையப்பன்

மலையடிவாரத்துல ஒரு ஊரு, காக்காகூட வழி கேட்டுத்தான் வந்து சேரும், அப்பேர்ப்பட்ட ஊரு. அங்க மாடத்தி மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஒரு புருசன், ஒரு கிணறு, கிணத்தைச் சுத்தி ஒரு துண்டு நிலம். அம்புட்டுதான் சொத்து. புருசன் உச்சிமாகாளி பனையில இருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டு கட்டில்ல கெடந்தான்.

அந்த ஊரு ராசாவுக்கு வேட்டைன்னா உசுரு. அவரு கெளம்பினா வீட்டுக்கு ஒருத்தர் கூடப் போகணும். போகாத வீட்டு நிலம் அரண்மனைக்கு. பாதியில திரும்பி வந்தாலும் போகாத கணக்குதான். என்ன சட்டமோ போ! வேட்டையை நடத்துறவன் ராசாவோட மச்சினன் கொண்டையப்பன். தலையில கலயத்தைக் கவுத்த மாதிரி ஒரு கொண்டை. அவன் தோட்டத்தை ஒட்டித்தான் மாடத்தி நிலம். அந்தக் கிணத்து மேல அவனுக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு.

வேட்டைக்குத் தண்டோரா போட்டாச்சு. புருசனோ எந்திரிக்க முடியாம கெடக்கான். என்ன செய்வா? "நானே போறேன்"னு மாடத்தி மூட்டையைக் கட்டிக்கிட்டு அரண்மனை வாசலுக்கு வந்துட்டா. கொண்டையப்பன் மூட்டையைப் பிடுங்கி அவுத்தான்.

"இது என்ன?"

"கயிறு சாமி."

"எதுக்கு, ராசாவைக் கட்டி இழுக்கவா?" எல்லாரும் சிரிச்சாங்க.

"இது?"

"சுரைக்குடுக்கை சாமி. தண்ணி."

"காட்டுல இல்லாத தண்ணியையா நீ கொண்டு வாறே?" எல்லாரும் சிரிச்சாங்க.

"இது?"

"சக்கிமுக்கிக் கல்லு சாமி. மூங்கில் குழாய்க்குள்ள பஞ்சு. தீ மூட்ட."

"பட்டப்பகல்ல தீ எதுக்கு, சோறு பொங்கி ஊருக்கே போடப்போறியா?" எல்லாரும் சிரிச்சாங்க. ராசாவும் சிரிச்சாரு, அவருக்கும் விவரம் பத்தாது.

"இந்தக் குப்பையைத் தூரப் போட்டுட்டு இதைத் தூக்கு"ன்னான். என்னத்தைன்னு கேளுங்க. ஒரு இலவம்பஞ்சு மெத்தை, ஒரு பெரிய கண்ணாடி, ஒரு செம்பு பன்னீரு! வேட்டைக்குப் போறாகளா, பொண்ணு பாக்கப் போறாகளா? சுமையைக் கண்டு பாதியிலயே ஓடிருவா, நிலம் அரண்மனைக்கு வந்துரும், அத்தான்கிட்டக் கேட்டு நாம வாங்கிக்கலாம்னு அவன் கணக்கு. மாடத்திக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அழுதா கிணறு போயிரும்னு அடக்கிக்கிட்டா. கயிறை இடுப்புல சுத்திக்கிட்டா, குடுக்கையைத் தோள்ல மாட்டிக்கிட்டா, கல்லையும் குழாயையும் முந்தியில முடிஞ்சுக்கிட்டா. மெத்தையைக் கண்ணாடி, பன்னீரோட தலையில ஏத்திக்கிட்டு நடந்துட்டா.

காட்டுக்குள்ள ஒரு பன்னி குறுக்க ஓடுச்சு. ராசா பின்னாடியே ஓடினாரு, கொண்டையப்பன் ஓடினான், மாடத்தி மெத்தையோட ஓடினா. ஓடி ஓடி, பன்னியையும் காணோம், வந்த கூட்டத்தையும் காணோம். வெயிலு மண்டையைப் பொளக்குது. "தண்ணி! தண்ணி!"ன்னாரு ராசா. கொண்டையப்பன் பன்னீரை நீட்டினான். ஒரு வாய் குடிச்சாரு பாருங்க, கண்ணு முழி பிதுங்கி, காறிக் காறித் துப்பினாரு. மாடத்தி குடுக்கையைக் குடுத்தா. மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு, "தாயி, உசுரு வந்துச்சு"ன்னாரு.

கொண்டையப்பனுக்கு வயிறு எரிஞ்சுச்சு. ராசாகிட்ட இவ நல்ல பேரு வாங்கிட்டா கிணறு எங்க கெடைக்கும்? "ஏ புள்ள, சுமையை எறக்கி வச்சுட்டு அந்தப் பள்ளத்துல ஓடை இருக்கான்னு பாத்து குடுக்கையை ரொப்பிட்டு வா"ன்னான். அவ அந்தப் பக்கம் போனதும், "அத்தான், பாத்தீகளா? அவ ஓடியே போயிட்டா!"ன்னு ராசாவை இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போயிட்டான். போக்கிரிப்பய! ஆனா மெத்தையை யாரு தூக்குவா? ராசாவா தூக்குவாரு? அவனே தூக்கினான். முள்ளு இழுக்குது, மெத்தை கிழியுது, பஞ்சு பறக்குது, அவனுக்குத் தெரியல.

மாடத்தி திரும்பி வந்தா யாருமில்ல. "ஐயோ, ஓடிட்டேன்னு சொல்லிருவானே, நிலம் போச்சே, அந்த மனுசன் நொண்டிக் காலோட எங்க போவாரு?"ன்னு அழுதா. அழுத கண்ணைத் தொடச்சுட்டுப் பாத்தா, ஈச்சம்புதர்ல ஒரு கொத்துப் பஞ்சு. அங்கிட்டு இலந்தையில ஒரு கொத்து. அங்கிட்டுக் கள்ளியில ஒரு கொத்து. "ஆகா, மகராசன் வழி போட்டுட்டுப் போயிருக்கான்"னு பின்னாலயே நடந்தா. நல்லவேளை சீக்கிரம் நடந்தா. ஏன்னா பின்னாலயே மழை சோன்னு கொட்டிருச்சு.

போய்ப் பாத்தா ஒரு பாறை இடுக்குல ராசா நனைஞ்ச கோழியா நடுங்கிக்கிட்டு ஒத்தையில உக்காந்திருக்காரு. "நீ ஓடலையா தாயி?"ன்னாரு. "எங்க ஓட, தண்ணிக்கில்ல அனுப்பினாக!"ன்னா. பாறைக்கடியில காஞ்ச சருகைக் கூட்டி, கல்லைத் தட்டி, பஞ்சுல பொறி விழுந்ததும் ஊதி ஊதித் தீ மூட்டினா. ராசாவுக்குப் பல்லு அடிக்கிறது நின்னுச்சு. "கொண்டையப்பன் எங்க?"ன்னு கேட்டா. "வழி பாத்துட்டு வாறேன்னு போனான், ஆளைக் காணோம்."

அப்பத்தான் ஒரு சத்தம். "ஏ, தூக்குங்க! ஏ, தூக்குங்க! அய்யோ, தூக்குங்க!"

என்னான்னா, பன்னிக்கு வெட்டி எலை போட்டு மூடி வச்ச குழிக்குள்ள கொண்டையப்பன் விழுந்து கெடக்கான். இடுப்பளவு சேறு, மழைத்தண்ணி வேற ஏறுது. கொண்டை மட்டும் குலையாம இருக்கு. ராசாவும் மாடத்தியும் மேல நின்னு எட்டிப் பாத்தாங்க. மாடத்தி இடுப்புக் கயிறை அவுத்தா. அவுத்தவ சும்மா போடல.

"சாமி, ஒரு சந்தேகம். குழியில விழுந்ததை யாரு கயிறு மேல ஏத்துதோ, அது அவுகளுக்குத்தான்னு வேட்டைச் சட்டம் இருக்கே, அது நெசந்தானா?"

"நெசம், நெசம்! நான்தானே எல்லாருக்கும் சொல்லுவேன்! சீக்கிரம் போடு!"

"மானு விழுந்தாலும்?"

"மானு விழுந்தாலும்!"

"பன்னி விழுந்தாலும்?"

"பன்னி விழுந்தாலும்!"

"வேற எது விழுந்தாலும்?"

"எது விழுந்தாலும் கயிறுக்காரவுகளுக்குத்தான் தாயே, போடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

மாடத்தி கயிறை மரத்துல ஒரு சுத்துச் சுத்தி, மறுமுனையை உள்ள போட்டு, பல்லைக் கடிச்சு இழுத்தா. சேத்தோட சேறா வெளிய வந்து விழுந்தான். தீப்புகையைப் பாத்துட்டு மத்த ஆளுகளும் ஓடி வந்து கூடிட்டாங்க. மேல வந்து மூச்சுகூட வாங்கல, கொண்டையப்பன் என்ன சொன்னான் தெரியுமா? "இவ பாதியில ஓடிப்போனவ! நிலம் அரண்மனைக்கு! சட்டம்னா சட்டந்தான்!"

நன்றி கெட்ட ஜென்மம்! ராசாவுக்குக் கோவம் வந்து மீசை துடிச்சுச்சு. "மச்சான், தீ மூட்டினது ஓடிப்போனவளா? உன்னைத் தூக்கினது ஓடிப்போனவளா? அவ நிலம் அவளுக்குத்தான். ஆனா நீ சொன்னதும் சரி. சட்டம்னா சட்டந்தான். குழியில விழுந்தது நீ, கயிறு அவளுது. ஏ தாயி, உன் வேட்டையை ஓட்டிக்கிட்டுப் போ!"

எல்லாரும் சிரிச்ச சிரிப்புல மரத்துல இருந்த குரங்கெல்லாம் எறங்கி வந்து பாத்துச்சு.

"ஆயுசுக்கும் வச்சு எவ சோறு போடுறது, என் வீட்டுக்காரரு கால் கூடுற வரைக்கும் இருந்தாப் போதும்"னா மாடத்தி. மறுநாள்ல இருந்து அந்தக் கிணத்துல கமலை மாட்டை ஓட்டித் தண்ணி இறைச்சது யாரு? கொண்டையப்பன்தான்! எந்தக் கிணத்தைப் புடுங்க நெனச்சானோ, அதே கிணத்துலதான். கால் என்னமோ வெரசாவே கூடிருச்சு. ஆனா கொண்டையப்பன் தலை தெரிஞ்சா மட்டும் உச்சிமாகாளி "அய்யோ அம்மா"ன்னு நொண்டி நொண்டி நடப்பான். மாடத்தி அடுப்படிக்குள்ள ஓடிப்போய் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா.

அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்பட்டா இப்படித்தான். அவுக அங்க வயித்துக்குக் கஞ்சியோட நல்லாருக்காக, நாம இங்க போர்வையோட நல்லாருக்கோம். கண்ணை மூடுங்க.