மொத படிக்கு எறங்கி வந்த மேகம்

அந்தக் காலத்துல எருமைக்கும் பேச்சு இருந்துச்சு, எதுக்கெடுத்தாலும் கருத்து வேற சொல்லும். அப்போ மலையடிவாரத்துல ஒரு கல்லரங்கு. சுத்தி வட்டவட்டமா கல்படி, நடுவுல பாடுறதுக்கு ஒரு பள்ளம், தலைக்கு மேல வெறும் வானம். இன்னிக்கு மைக்செட் கட்டி கச்சேரி வைக்கிறீங்களே, அதே எடம்தான்.

அங்க பாட்டுக்காரன் யாரு தெரியுமா? தவளை. சிரிக்காதீங்க. அப்போ அவன் கொரலு தேன்ல ஊறுன பலாச்சொளை. அவன் பாடுனா காக்காவே வாய மூடிக்கும், வேற என்ன சாட்சி வேணும்?

ஆனா அவன் கண்ணு கூட்டத்து மேல இல்ல. மலை உச்சியில ஒரு கறுத்த மேகம் தெனமும் வந்து ஒக்காந்து கேப்பா. எல்லாரும் போனாலும் அவ போக மாட்டா.

"ஏ புள்ள, அம்புட்டுத் தூரத்துல என்னா கேக்குது?"

"பாதிதான். மீதிய காத்து தின்னுருது."

"எறங்கி வா. மொத படி உனக்குத்தான்."

"எறங்குனா நான் நானா இருக்க மாட்டேன்யா."

"சும்மா பிகு பண்ணாத!"

ஆசைப்பட்டவனுக்குக் காது எங்க கேக்குது? மொத படியில ஒருத்தரையும் ஒக்கார விடல. எருமை வந்தா, "ஆளு வருதுக்கா, தள்ளு"ம்பான்.

"போன கோடையில இருந்து வருதுடா அந்த ஆளு!"ன்னு எருமை மொனகிக்கிட்டே பின்னால போவும்.

ஒரு சாயங்காலம் அவளுக்குன்னே ஒரு பாட்டுக் கட்டிப் பாடுனான். அவளால தாங்க முடியல. எந்திரிச்சா, எறங்குனா. மொத படியில சொத்துனு ஒரு துளி. அப்பறம் கொட்டுச்சு பாருங்க! ஆடு ஓட, கோழி ஓட, அந்தச் சந்தோசத்துல இவன் கண்ண மூடிப் பாடிக்கிட்டே இருந்தான்.

கண்ணத் தொறந்தா உச்சியில மேகம் இல்ல. மொத படியில தண்ணி.

"எங்க புள்ள இருக்க?"

"இங்கதான்யா. முழுசா கேட்டுட்டேன்"னு சொல்லிக்கிட்டே தண்ணி மடை வழியா ஓடிருச்சு. இவன் பின்னாலேயே குதிச்சு, இருன்னு கத்திக் கத்தித் தொண்டைய கிழிச்சுக்கிட்டான்.

மறுநாளு எல்லாரும் கூடி, "மேல கூரை போட்ருவோம்"னாங்க. தவளை கிழிஞ்ச கொரல்ல கேட்டான்: "போட்டா அவ எப்படி வருவா?"

எருமை போயி கூரைக்குக் கொண்டாந்த வைக்கோல மொத்தமா தின்னுருச்சு. கருத்தே சொல்லல.

அதனாலதான் இன்னிக்கும் கல்லரங்குக்குக் கூரை கெடையாது. கச்சேரி நடுவுல மழை வந்தா நாம நாற்காலியத் தலையில கவுத்துக்கிட்டு ஓடுறோம். தவளை மட்டும் ஓட்டக் கொரல்ல பாட ஆரம்பிக்கிறான், மொத படி நனையுறதப் பாத்துக்கிட்டே.