ஊத்தா எட்டாத கண்மாய்

திருமேனி வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். ஞானம்பாள் வாழைக்கன்றுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். சீடருக்கு வயது நாற்பத்தெட்டு. குருவுக்கு ஆறு வயது குறைவு. சீர்கெட்ட கண்மாயையும் கரையையும் திருத்தி மறுபடி ஊரோடு சேர்த்துவைக்கிற வேலையைத் திருமேனி ஞானம்பாளிடம்தான் கற்றார். கற்று முடித்ததும் அவர் அனுப்பிய இடம் மருதங்கண்மாய். அது நடந்து எட்டு வருடம்.

திருமேனி உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, குருவின் மண்வெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மடைச் சாவி. வேற யாரையாவது பாத்துக் குடுங்கம்மா. என்னால முடியல."

"முதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணின்னாலே இப்போ அலுப்பா இருக்கு."

ஞானம்பாள் சிரித்தார். செம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அதான் ஆச்சு. கரைக்கு ஒருத்தரும் வர்றதில்லை. வரத்துக்கால் தூந்து கெடக்கு. அதை வெட்டிவிட்டாத்தானே மழைத்தண்ணி கண்மாய்க்கு வந்து சேரும்? முன்னெல்லாம் ஆடி பிறந்தா வீட்டுக்கு ஒரு ஆள் வந்து வெட்டுவாங்களாம். முதல் அஞ்சு வருஷம் கூலிக்கு ஆள் வச்சேன். இப்போ மூணு வருஷமா நான் ஒருத்தனே வெட்டுறேன். இடுப்பு போச்சு. இந்த ஆடியிலே நான் மண்வெட்டியைத் தொடலைன்னா கண்மாய் அவ்வளவுதான்."

"ஊரைக் கூப்பிட்டீங்களா?"

"தண்டோராகூடப் போட்டுப் பாத்தாச்சு. தண்டோரா போட்டவரே வரலை."

வாழையிலையில் ஒரு அணில் ஏறி இறங்கியது.

"நான் என்ன குறை வச்சேன்?" என்றார் திருமேனி. குரல் தணிந்திருந்தது. "கரையைப் பலப்படுத்தினேன். மருத மரம் வச்சேன், இப்போ நிழலே விழுது. படித்துறை கட்டினேன். தரை பூரா ஆழமாப் பறிச்சேன், நடுவிலே இன்னும் ஒரு பள்ளம். தை மாசத்தோட மடையைப் பூட்டிடுறேன். கோடையிலேயும் பத்தடி தண்ணி நிக்குது. வத்துறதே இல்லை."

"ஊரைக் கேட்டுச் செஞ்சீங்களா?"

"கேட்டேன். வத்தாத கண்மாய் வேணுமான்னு கேட்டேன். யாராவது வேண்டாம்பாங்களா?"

"பறவை?"

"நீர்க்காகம் நிறைய. நாரைதான் வர்றதில்லை. காரணம் தெரியலை." கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "ஊர் வழக்கத்தையும் நான் விடலைம்மா. அந்த ஊர் மீன்பிடித் திருவிழாவைப் படித்துறைச் சுவர் முழுக்க வரைஞ்சு வச்சிருக்கேன். நாற்பதடி நீளம்."

ஞானம்பாள் சாவியை எடுத்தார். மண்ணைத் துடைத்து அவர் கையிலேயே திரும்ப வைத்தார்.

"வாங்க, போய்ப் பாக்கலாம். எட்டு வருஷமா வந்து பாக்காதது என் தப்பு."

இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கண்மாய் அழகாகத்தான் இருந்தது. கரையில் ஒரு குப்பை இல்லை. ஒரு காலடித் தடமும் இல்லை. படித்துறைப் படிகளின் விளிம்பு தேயாமல், கட்டிய அன்று இருந்தபடியே கூர்மையாக இருந்தது. ஞானம்பாள் செருப்பைக் கழற்றி அந்த விளிம்பைக் காலால் தடவிப் பார்த்தார்.

கரையை ஒட்டிய பாதையில் பொன்னழகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஐம்பதைத் தாண்டிய உள்ளூர்க்காரி. திருமேனியைப் பார்த்ததும் நின்றாள்.

"என்ன சார், ஒங்க கண்மாயைக் காட்ட ஆளு கூட்டிட்டு வந்திருக்கீகளா? நல்லாக் காட்டுங்க. நல்லாத்தான் இருக்கு."

"என் கண்மாய் இல்லைங்க. உங்க கண்மாய்."

"பூட்டு ஒங்கதுதான?"

திருமேனி சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். ஞானம்பாள் சுவர்ச் சித்திரத்தைக் காட்டிக் கேட்டார். "இது நீங்கதானாம்மா?"

பொன்னழகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாங்கதானாம். கூடையைத் தலகீழாப் புடிச்சிருக்கோம் பாருங்க தாயி. ஊத்தாவுக்கு அகல வாய் கீழ இருக்கணும். மீனு மேல போட்டு அமுக்கிப்புட்டு, மேல இருக்கிற சின்ன வாய் வழியாக் கைய விட்டு எடுக்கணும். இப்படி ஏந்திக்கிட்டு நின்னா மானத்துல இருந்துல்ல மீனு விழுகணும்!"

"சொல்லியிருக்கலாமே" என்றார் திருமேனி. முகம் கன்றியிருந்தது.

"ஆசையா வரைஞ்சீக. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம்."

"உங்க வீட்டிலே ஊத்தா இருக்கா?" என்றார் ஞானம்பாள்.

"இருக்கு. கோழி மேல கவுத்துப் போட்டிருக்கேன்."

"கொஞ்ச நேரம் குடுப்பீங்களா?"

பொன்னழகு போய் எடுத்துவந்தாள். அடியும் மேலும் திறந்த பிரம்புக் கூடை. கோழி இறகு ஒட்டியிருந்தது. ஞானம்பாள் அதை வாங்கித் திருமேனியிடம் நீட்டினார்.

"ஒரு மீன் பிடிச்சுக்கிட்டு வாங்க."

"நானா?"

"சுவர்லே நாற்பதடிக்குப் பிடிச்சிருக்கீங்களே."

திருமேனி சாவியைப் படியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டாம் படியில் முழங்கால். நான்காம் படியில் இடுப்பு. ஊத்தாவை முன்னால் வீசி அமுக்கினார். கூடை தண்ணீருக்குள் இறங்கியது, இறங்கியது, எங்கும் தட்டவில்லை. இன்னும் ஓர் அடி வைத்தார். படி முடிந்திருந்தது. கழுத்துவரை உள்ளே போய், கையை உதறிக்கொண்டு படியைப் பிடித்து ஏறினார். ஊத்தா கைவிட்டுப் போய் மிதந்தது.

"தரை எட்டலைம்மா" என்றார், மூச்சு வாங்க.

"எட்டாது சார்" என்றாள் பொன்னழகு. இப்போது அவள் சிரிக்கவில்லை. "தண்ணி முழங்காலுக்கு எறங்குனாத்தான் ஊருத் தலைவரு அம்பலகாரரு கரையில நின்னு வெள்ளத் துண்டு வீசுவாரு. ஊரே விழுந்தடிச்சு உள்ள எறங்கும். பக்கத்து ஊரு, சம்பந்தக்காரக, பேசாத பங்காளி, எல்லாம் ஒரே சேத்துக்குள்ள. இந்த எட்டு வருசத்துல தண்ணி எங்க எறங்குச்சு?"

"வரத்துக்காலுக்கும் அதுக்கும் என்னம்மா?" என்று குரு கேட்டார்.

"அதான தாயி ஊர்க்கட்டு. சித்திரையில ஊத்தா எறக்குன வீடு ஆடியில மம்பட்டி எடுக்கணும். எறக்காத வீட்ட எவன் கூப்புடுறது? எந்த மொகத்தோட கூப்புடுறது?"

திருமேனி ஈரத்தோடு படியில் உட்கார்ந்தார். மூன்று ஆடி மாதங்கள் தனியாக வெட்டிய இடுப்பு வலித்தது. அதற்கு முந்தைய ஐந்து வருடமும் சேர்ந்து வலித்தது.

"நாரை?" என்று கடைசியில் கேட்டார், யாரிடம் என்று இல்லாமல்.

"அதுவும் எங்களமாதிரிதான் சார். நெட்டக் காலுதான், ஆனா அதுக்கும் தரை எட்டணுமில்ல? மீன்பிடி அன்னைக்குப் பாக்கணுமே. நாங்க ஒரு பக்கம், அது ஒரு பக்கம். எங்களைவிட அதுக அதிகம் புடிக்கும்."

ஊத்தா காற்றில் மெல்லக் கரையொதுங்கியது. பொன்னழகு ஆட்டுக் குச்சியால் அதை இழுத்து எடுத்தாள். தண்ணீரை வடித்துவிட்டு, அகல வாய் கீழே இருக்கும்படி படியில் வைத்தாள். ஆடுகள் தூரப் போய்விட்டன. அவள் மட்டும் போகவில்லை.

ஞானம்பாளும் களைத்துத்தான் இருந்தார். ஒரு படி மேலே உட்கார்ந்து பாதங்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார்.

திருமேனி சாவியை எடுத்தார். மடையைப் பார்த்தார். அதற்கு அப்பால் எள்ளுகூட விதைக்காமல் வெடித்துக் கிடந்த வயல்களைப் பார்த்தார். பிறகு கண்மாயைப் பார்த்தார். எட்டு வருடத்துத் தண்ணீர் அசையாமல் நின்றது.

"நடுப்பள்ளத்துலே கொஞ்சம் நிக்கும்" என்றார். "குஞ்சு மீனுக்கு அது போதும். மத்ததெல்லாம் போயிடும். சேறாக் கெடக்கும்."

குரு தலையசைத்தார்.

"பாத்துப் பாத்துச் சேர்த்த தண்ணிம்மா. இதையும் திறந்துவிட்டுட்டா, அப்புறம் இந்தக் கண்மாய்க்குள்ளே என்னதான் இருக்கும்?"

"ஊர் இருக்கும்" என்றார் ஞானம்பாள்.