பாறைக்குளத்தை வெட்டி ஒட்டிய கம்ப்யூட்டர்

ஆவுடையப்பன் பொய் சொல்லுறவர் இல்ல. அதை முதல்லயே சொல்லிப்புடணும், பிறகு எம்மேல பழி வரக்கூடாது. பொய்யின்னா அதுக்கு ஒரு ஆதாயம் இருக்கும், எவனையாவது கவுக்கணும்ங்கிற எண்ணம் இருக்கும். இவர் சொல்லுறது வேற ரகம். கடையில உக்காந்து ஃபேனுக்குக் காயில் கட்டிக்கிட்டே, "நேத்து நான் சரி பண்ணிக் குடுத்த மிக்ஸியில மேலத்தெருவுல மிளகாய் அரைச்சிருக்காங்க, கீழத்தெருவுல அத்தனை பேருக்கும் கண்ணெரிச்சல்"ம்பார். கேக்குறவனும் சிரிச்சுட்டு ஃபேனை வாங்கிட்டுப் போயிருவான். இதுல யாருக்கு என்ன நட்டம் சொல்லுங்க.

தென்காசிக்குக் கிழக்க பாறைக்குளம்னு ஒரு சின்ன ஊரு. அங்க இப்படி வருசக்கணக்கா வாயாலயே வடை சுட்டுக்கிட்டு நிம்மதியா இருந்த மனுசனுக்கு, ஒரு சனிக்கிழமை காலையில, புளுகியே தீரணும்ங்கிற நெலைமை வந்துட்டு.

விசயம் அவரோட கம்ப்யூட்டர். கடையில வாங்கினது இல்ல, அவரே செஞ்சது. ஊர்ல எவன் வீட்டுல எந்தச் சாமான் செத்தாலும் அதுல ஒரு உறுப்பை உருவி இதுல சேத்திருவார். மாவாட்டுற கிரைண்டரோட மோட்டார், குண்டு டிவியோட கண்ணாடி, தையல் மெஷின் பெடல், ஓட்டை விழுந்த இட்லிக் கொப்பரை, ஏதோ ஒரு பஸ்ஸோட ஹாரன். எல்லாமாச் சேந்து பின்னறையில கட்டில் போடுற எடத்தை முழுசா அடைச்சுக்கிட்டு நின்னுது. அது என்ன வேலை செய்யும்னு கேட்டா, உள்ளதைச் சொல்லணும்லா, ஒரே ஒரு தடவை உசிர் வந்துச்சு. ஆவுடையப்பன் தன் பேரை அடிச்சுப் பாத்தார். கண்ணாடியில பச்சையா 'ஆ'ன்னு ஒரு எழுத்து வந்துச்சு, அதோட புகைஞ்சு நின்னுட்டு. அந்த ஒத்தை எழுத்தைப் பாத்த சந்தோசத்துல மனுசன் ஒரு வாரம் சரியாச் சாப்பிடல.

அந்த அறைதான் இப்ப வேணும்னுட்டா அவர் பொஞ்சாதி சண்முகவடிவு. மக கோமுவுக்கு வளைகாப்பு முடிஞ்சு, தலைப்பிரசவத்துக்கு அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு வாறா. பிள்ளைத்தாச்சியை துருவுக்கும் வயருக்கும் நடுவுலயா படுக்க வைக்க முடியும்? வடிவு கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. அது ஆவுடையப்பனுக்கும் தெரியும். சண்டை போடவும் வழியில்ல, விட்டுக்குடுக்கவும் மனசில்ல.

பழைய இரும்பு எடுக்குற பக்கீர் பாய்க்கு வடிவே சொல்லியனுப்பி வரவழைச்சிருந்தா. லோடு ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டி, தெருத் தெருவாப் போற ஆளு. இரும்பைப் போட்டா பிளாஸ்டிக் குடம் குடுப்பார், அந்தக்கால வழக்கத்தை விடாம பேரீச்சம்பழமும் ஒரு டப்பாவுல வச்சிருப்பார். அவர்கிட்ட ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்காரன் ஒரு பக்கம் கைவச்சுத் தூக்கி விட்டாத்தான் சாமான் வண்டியில ஏறும். பொம்பளைங்க போட்ட சாமானுக்காக ஆம்பளைங்க மறுநாள் வந்து சட்டையைப் பிடிச்ச அனுபவம் பாய்க்கு நெறைய.

அப்ப கைவைக்க மாட்டேன்னுட்டாத் தீந்துச்சு, இதுக்கு எதுக்குப் புளுகணும்னு கேப்பீங்க. நீங்க வடிவைப் பாத்ததில்ல. அவ முன்னால 'மாட்டேன்'ங்கிற வார்த்தை ஆவுடையப்பன் தொண்டையைத் தாண்டி வந்ததா சரித்திரமே கிடையாது. 'வேண்டாம்'ங்கிறது பாய் வாயில இருந்துதான் வரணும். அதுக்கு அவருக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணே ஒண்ணுதான்.

"பாய், தூக்குறதுக்கு முன்னால கொஞ்சம் கேட்டுக்கிடும். பிறகு நான் சொல்லலைன்னு வரப்பிடாது," அப்படின்னு மெள்ள ஆரம்பிச்சார். பாயும் வடிவு குடுத்த காப்பியை வாங்கிக்கிட்டு நிலைப்படியில சாஞ்சு நின்னார். இரும்பைப் போடுறவங்க ஆளுக்கொரு கதை சொல்லித்தான் போடுவாங்க, அதைக் கேக்குறதும் தொழில்ல சேத்திதான்.

முதல்ல வேகத்தைப் பத்திச் சொன்னார். இந்த கம்ப்யூட்டர் செஞ்ச புதுசுல, கணக்குக் கேட்டா கேட்ட மாத்திரத்துல விடை சொல்லுமாம். மோட்டாரைக் கொஞ்சம் முறுக்கி விட்டதும் கேக்குறதுக்கு முன்னாலயே சொல்ல ஆரம்பிச்சுட்டாம். இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினா, செவ்வாக்கிழமை கேக்கப்போற கேள்விக்குத் திங்கக்கிழமையே விடை வந்து விழுந்துட்டு. விடையைக் கையில வச்சுக்கிட்டு, இதுக்கு என்ன கேள்வியா இருக்கும்னு மண்டையை உடைச்சுக்கிட்டுக் கெடந்திருக்கார். கடைசியில வீட்டு ஆட்டுக்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் அது வேகம் குறைஞ்சு அன்னைக்குத் தேதிக்கு வந்து நின்னுதாம்.

ஆட்டுக்கல்லு எங்கன்னு பாய் கேட்டார். சாமானோட அதையும் போடுவாங்களோன்னு ஒரு நப்பாசை.

"இழுத்த இழுப்புல தேஞ்சு போச்சுவே. இப்ப அதுலதான் வடிவு பூண்டு நசுக்குறா."

அடுப்படியில இருந்து வடிவு, அது எங்க அம்மா வீட்டுச் சீருன்னு சத்தம் குடுத்தா. ஆவுடையப்பன் அதைக் காதுல வாங்கிக்கிடல.

அடுத்தாப்ல சூடு. இது ஓட ஆரம்பிச்சா அனல் தாங்காதாம். வடிவு மொட்டைமாடியில வத்தல் காயப்போடுவா, கீழ இது ஓடும்போது வத்தல் காயிறதென்ன, பொரிஞ்சே வந்துருமாம். எண்ணெய் மிச்சம். ஆனா வீடு பத்திக்கிடுமேன்னு பயந்து ஒரு ஃபேன் செஞ்சு மாட்டியிருக்கார். சாதாரண ஃபேன் இல்ல. அதைப் போட்டதும் குத்தாலத்துச் சாரல் மொத்தமும் மலையை விட்டுக் கெளம்பி இவர் பின்னறைக்குள்ள வந்து பெய்ய ஆரம்பிச்சுட்டு. அருவியும் பின்னாலயே வரப் பாத்துச்சாம், வாசல் அகலம் பத்தாமத் திரும்பிப் போச்சாம். அங்க குத்தாலத்துல தலையில எண்ணெயைத் தேச்சுக்கிட்டு நின்ன சனம் காஞ்ச பாறையை அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னுச்சு. இவர் மனசு கேக்காம ஃபேனை நிறுத்தினாராம்.

"கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க. நீங்க நெய்யில கேப்பையே வடியுதுங்கீங்க அண்ணாச்சி," அப்படின்னார் பாய். ஆனா டம்ளரைக் கீழ வைக்கல. ஆவுடையப்பன் அதைக் கவனிச்சுக்கிட்டார். காப்பி இருக்கிற வரைக்கும் கம்ப்யூட்டரும் இருக்கும்.

அதனால அடுத்ததை இன்னும் கொஞ்சம் ஏத்திவிட்டார். ஒருக்க இதுக்கு வைரஸ் வந்துட்டாம். வைரஸ்னா மத்தவங்க என்னத்தையோ வாங்கி ஏத்துவாங்க. இவர் நொச்சி இலையைக் கொதிக்க வச்சு, போர்வையைப் போத்தி, ஆவி பிடிக்க வச்சிருக்கார். நல்லா வேர்த்துச்சாம். வேர்த்து ஒரு தும்மல் போட்டுச்சு பாருங்க, தென்காசியில இருந்து சங்கரன்கோயில் வரைக்கும் அத்தனை பேர் போனும் ஒரே நேரத்துல அடிச்சுதாம். எடுத்தவங்க எல்லாரும் ஹலோன்னு சொல்லல, வாயில தன்னால 'நூறு ஆயுசு'ன்னு வந்துச்சாம். சொல்லிட்டு ஏன் சொன்னோம்னு தெரியாம வச்சுட்டாங்களாம்.

வடிவு கரண்டியோட வாசலுக்கே வந்துட்டா. கோமு வண்டி ஆலங்குளம் தாண்டிருச்சு, இன்னும் என்ன பேச்சுன்னு கேட்டா. பாயும் காப்பியை ஒரே மடக்காக் குடிச்சு முடிச்சார். சட்டைக் கையை மடக்கிவிட்டு, கொப்பரைப் பக்கமா ஒரு கையை வச்சு, "அண்ணாச்சி, அந்தப் பக்கம் பிடிங்க," அப்படின்னார்.

ஆவுடையப்பன் அந்தப் பக்கம் போகல. இனிமே சின்னதுக்கெல்லாம் வேலை இல்ல, இருக்கிறதுலயே பெரிசை எறக்கிர வேண்டியதுதான்னு முடிவு பண்ணினார்.

"பாய், கையை எடும். உள்ள ஊரு இருக்கு."

பாய் கையை எடுக்கல. என்ன ஊருன்னு மட்டும் கேட்டார்.

"நம்ம பாறைக்குளம்தான். ஒரு வெள்ளம் புயல்னா ஊரு போயிரக்கூடாதுல்லா, முன்கூட்டியே ஊரை அப்படியே ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிடுவோம்னு போன வாரம் உக்காந்தேன். காப்பி எடுக்கிற பட்டனை அமுக்கப் போயி வெட்டுற பட்டனை அமுக்கிட்டேன். ஊரு போச்சு. வாசலுக்கு வந்து பாக்கேன், படிக்கு அங்கிட்டு ஒண்ணுமே இல்ல, வெறும் வெள்ளை. தென்காசி பஸ்ஸுக்காரன் அந்த வெள்ளைக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டு ஹாரன் அடிக்கான். கண்டக்டர் எறங்கி எட்டிப் பாக்கான், காலை வைக்கப் பயம்."

அப்ப உங்க வீடு மட்டும் எப்படி மிஞ்சிச்சுன்னு பாய் கேட்டார்.

"அங்கதான் இதோட விசுவாசத்தைப் பாக்கணும். எங்க வீட்டை மட்டும் வெட்டல. ஒரு காப்பியை உள்ள எடுத்துக்கிட்டு, அசலை அப்படியே விட்டுட்டு. கரண்டு குடுக்கிற கையை எந்த மெஷினும் வெட்டாதுவே."

பெறகு அவசர அவசரமா ஊரை எடுத்துத் திரும்ப ஒட்டியிருக்கார். அந்த அவசரத்துல குளத்து மடை மட்டும் எசகுபிசகாப் போச்சு. கிழக்க பாத்து இருந்த மடை மேக்க பாத்து ஒட்டிக்கிட்டாம்.

"எங்க வாப்பா அந்த மடையிலதான் மாட்டைக் குளிப்பாட்டுவாரு. அந்தக் காலத்துலயே மேக்க பாத்துத்தான இருந்துச்சு?"

"உங்க வாப்பாவோட ஞாபகத்தையும் சேத்துத்தான் திருப்பி ஒட்டியிருக்கேன். ஊர்ல ஆளாளுக்கு ஞாபகத்தைத் திருத்தி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துட்டு. எங்க வீட்டு காப்பி இன்னும் இதுக்குள்ளதான் இருக்கு. அடுப்பு எரியுது, ஆளு நடமாட்டம் இருக்கு. நீரு இதைக் கொண்டு போயி சம்மட்டியால அடிச்சீர்னா அந்தப் பாவம் உம்மைச் சும்மா விடுமா? நான் தூக்க வேண்டாம்னு சொல்லல. உமக்கு மனசு வந்தாத் தூக்கும்."

பாய் கையை எடுத்துட்டார். தாடியைத் தடவிக்கிட்டு, அந்த இட்லிக் கொப்பரையையே உத்துப் பாத்தார். ஆவுடையப்பனுக்கு உசிர் திரும்பி வந்துச்சு. ஜெயிச்சாச்சு, கம்ப்யூட்டரைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல கூரை போட்டு வச்சுக்கிடலாம், அறையும் கோமுவுக்குக் காலியாயிரும்னு மனசுக்குள்ள கணக்கே போட்டுட்டார்.

பாய் வடிவு பக்கமாத் திரும்பினார். "மதினி, அண்ணாச்சி சொல்றது அம்புட்டும் நெசம்."

கல்யாணமாகி இத்தனை காலத்துல புருசன் பேச்சை நெசம்னு ஒருத்தர் சொல்லி வடிவு கேட்டது அதுதான் முதல் தடவை. கரண்டி கீழ எறங்கிட்டு.

"ஊரை வெட்டின அன்னைக்கு நான் மேலத்தெருவுலதான் வண்டியோட நின்னேன்," அப்படின்னார் பாய். "என்னையும் சேத்து வெட்டிட்டீங்க அண்ணாச்சி. உள்ள போயிப் பாத்தா, அதே தெரு, அதே வீடு. அங்கயும் ஒரு அண்ணாச்சி, ஒரு மதினி, இதே கம்ப்யூட்டர். அந்த அண்ணாச்சி தங்கமான மனுசன். ஒரு வார்த்தை பேசல. வந்தாரு, ஒரு பக்கம் கைவச்சாரு, வண்டியில ஏத்திவிட்டாரு. நானும் அந்த மதினி கையில குடத்தைக் குடுத்துட்டு வண்டியை எடுக்கேன், அதுக்குள்ள நீங்க ஊரைத் திரும்ப ஒட்டிப்புட்டீங்க. நான் வெளிய வந்துட்டேன், வண்டியில சாமானைக் காணோம். அதைத் தேடித்தான் வந்தேன் அண்ணாச்சி. இது புது வியாபாரம் இல்ல, முடிஞ்சுபோன வியாபாரம்."

ஆவுடையப்பன் வாயைத் தொறந்தார். 'பொய்'யின்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும், பாயை மடக்கிரலாம். ஆனா அது பொய்யின்னா ஊரை வெட்டினதும் பொய், சாரலும் பொய், தேஞ்ச ஆட்டுக்கல்லும் பொய். அப்புறம் நிக்கிறது வெறும் துருப்பிடிச்ச இரும்பு, அதைக் குடுக்க என்ன தயக்கம்? நெசம்னாலோ வித்து முடிஞ்சுட்டு. எந்தப் பக்கம் ஓடினாலும் லோடு ஆட்டோதான் நிக்குது. அந்த ஒத்தை எழுத்து வந்த கண்ணாடியை ஒரு தடவை பாத்தார். அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. கம்ப்யூட்டர் எப்படியும் போகப்போகுது, கதையையாவது வச்சுக்கிடலாம்.

துண்டால மொகத்தை அழுத்தித் தொடச்சார். இடுப்புல கையை வச்சுக்கிட்டார்.

"அதான பாத்தேன். போன வாரத்துல இருந்து எனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கு. எதைத் தூக்கினோம்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் பாய், இப்பல்லா புரியுது."

பக்கீர் பாய் எத்தனையோ தெருவுல எத்தனையோ பேரைப் பாத்தவர். இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்ல. டப்பாவைத் தொறந்து ஒரு கை நெறையப் பேரீச்சம்பழத்தை அள்ளி ஆவுடையப்பன் கையில வச்சார். பெறகு ஆளுக்கு ஒரு பக்கமாப் பிடிச்சு, கம்ப்யூட்டரைத் தூக்கி வண்டியில ஏத்தினாங்க. ஆவுடையப்பன் நெசமாவே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டார்.

வடிவு காலியான அறையை ஒரு பார்வை பாத்துட்டு வண்டிக்கிட்ட வந்து, எங்குடம் எங்க பாய்னு கேட்டா. அந்த மதினிகிட்டதான் குடுத்தாச்சேன்னு பாய் பவ்வியமாச் சொன்னார். வடிவு புருசனைப் பாத்தா. அவர் பேரீச்சம்பழத்தை மென்னுக்கிட்டே, அந்தக் குடம் செவப்புக் கலர், நானும் பாத்தேன்னு சொல்ல ஆரம்பிச்சிருந்தார்.

"ஏன் பாய், அங்க உள்ள ஆளு ஒரு வார்த்தை பேசலைன்னீங்களே, நெசந்தானா?"

"நெசந்தான் மதினி. வாயே தொறக்கல."

"அப்பக் குடத்தை அவளே வச்சுக்கிடட்டும். அந்த ஆளை இங்க கொண்டாந்து எறக்கிட்டு, இவரை ஏத்திக்கிட்டுப் போங்க."