நான்கு விரற்கடை கீழே

“கழட்டிக் கொடுங்க டீச்சர். இன்னைக்கே திருப்பி அனுப்பிடணும்.”

கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வைத்திலிங்கம் மூச்சு வாங்கினார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கும்பகோணத்தில் வீட்டு பிளான் வரைபவர். டீச்சர் ஷகிலாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கம்ப்யூட்டரில் வீடு கட்டி, அதற்குள் நடந்து காட்டும் வித்தையை வைத்திலிங்கம் எட்டு மாதமாக அவரிடம்தான் கற்று வந்தார். கற்றுக்கொள்ள வயது பார்க்கிற ஆள் இல்லை. கோபப்படவும் பார்ப்பதில்லை.

“எதைக் கழட்டணும்?” என்றார் ஷகிலா.

திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டை.

பழைய கார்டு திணறிக்கொண்டிருந்தது. திரையில் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதற்குள், வீடு பார்க்க வந்தவர் காபி குடித்து முடித்துவிடுவார். போன வாரம் புதியது ஒன்று கூரியரில் வந்தது. அவர் வாங்கவில்லை, கேட்கவும் இல்லை. ஓசூரிலிருந்து தம்பி சாமிநாதன் அனுப்பியிருந்தார்.

அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்தபோது இருவருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. ஆறு வருஷமாகப் பேச்சில்லை. கார்டு திணறும் சங்கதி தங்கை வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

பார்சலில் தம்பியின் பெயரைப் பார்த்ததும் அழுகை வந்தது என்பதை வைத்திலிங்கம் மறைக்கவில்லை. அன்றைக்கே பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தானே மாட்டினாராம். அதில் முதுகு பிடித்துக்கொண்டதாம்.

“பழசாவது திணறிச்சு. இது நகரவே மாட்டேங்குது.”

“அதனால?”

“வேணும்னே பழுதானதை அனுப்பியிருக்கான். உனக்கு இது போதும்னு சொல்றான். இதைத் திருப்பி அனுப்புறதோட அவனுக்கும் எனக்கும் தீர்ந்துது.”

ஷகிலா ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. தன் மேசையில் இருந்த திரையைக் காட்டினார்.

“வீட்டுல எப்படி மாட்டினீங்களோ, அப்படியே இதை மாட்டுங்க.”

கழற்றச் சொன்னால் மாட்டச் சொல்கிறாரே என்று முனகிக்கொண்டே அவர் வேலையில் இறங்கினார். கரண்ட் கொடுத்தார். திரையின் ஒயரை எடுத்தார். பெட்டியின் பின்பக்கத்தைக் கையால் தடவி, முதலில் அகப்பட்ட துளையில் சொருகினார்.

“பார்த்துச் சொருகறதில்லையா?”

“குனிய முதுகு விடாது டீச்சர். எனக்குக் கைதான் கண்ணு.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். வைத்திலிங்கத்துக்கு முதுகுவலியும் சேர்ந்துகொண்டது.

திரையில் வீடு வந்தது. வாசலிலேயே நின்றது.

“பார்த்தீங்களா?” என்றார், வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

ஷகிலா பெட்டியைத் திருப்பி வைத்தார். ஒயரைப் பிடுங்கினார். நான்கு விரற்கடை கீழே, அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு துளை இருந்தது. அதில் சொருகி, கம்ப்யூட்டரை மறுபடி போட்டார்.

வாசல் கதவு திறந்தது. கூடம் வந்தது. சமையலறை, மாடிப்படி, மொட்டைமாடி. எங்கேயும் நிற்கவில்லை.

“மேல இருக்கிறது பெட்டியோட சொந்தத் துளை, அதுல சொருகினா கார்டுக்கு வேலையே இல்லை. கீழ இருக்கிறதுதான் கார்டோடது. கார்டு நல்லாத்தான் இருக்கு சார்.”

வைத்திலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரமாகத் தம்பியை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டினோம் என்று நினைக்க அவருக்கே கூசியது. கண் நிறைந்துவிட்டது. எழுந்து டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினார்.

“எனக்கு எதுக்கு? நானா அனுப்பினேன்?”



இப்போதுதான் ஷகிலா ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

“கழட்டட்டுமா?”

வைத்திலிங்கம் இரண்டு கையாலும் பெட்டியைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேடவேண்டி இருக்கவில்லை, மனப்பாடமாகவே இருந்தது. விரல்தான் அழுத்தவில்லை.

“ஆறு வருஷமாச்சு டீச்சர். எதுல ஆரம்பிக்கிறது?”

“நீங்க எதையும் ஆரம்பிக்க வேணாம். கூப்பிட்டாப் போதும்.”

கூப்பிட்டார்.

ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை.

“அண்ணே, படம் வருதா?”