கள் எடுத்த ஆணை

நெடும்பனைக்கோட்டை என்று ஒரு சின்ன நாடு. எவ்வளவு சின்னது என்றால், காலையில் கிளம்பிய குதிரை மத்தியானச் சாப்பாட்டுக்குள் அடுத்த நாட்டில் நிற்கும். அதை ஆண்ட அதியரையருக்குக் கோபமும் சீக்கிரம் வரும், சிரிப்பும் சீக்கிரம் வரும். எது முதலில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஊர் பிழைக்கும்.

அவருடைய அவையில் ஓலை எழுதுபவர் செவ்வந்தியப்பர். கள்ளை ரசிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குடிகாரர் என்று நினைத்துவிடாதீர்கள். பனையோலையை மடித்துச் செய்வார்களே பட்டை, அதில் ஒரு பட்டைக்கு மேல் தொடமாட்டார். ஆனால் அந்த ஒரு பட்டைக்கு ஒரு நாழிகை எடுத்துக்கொள்வார். முதலில் நுரையைப் பார்ப்பார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். ஒரு வாய் எடுத்து நாக்கின் மேல் உருட்டுவார். "பெண்பனை. ஓடைக்கரையில் நிற்பது. நேற்று நல்ல வெயில்" என்பார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும்.

அவர் குடிப்பது மாடத்தியின் தோப்பில் மட்டும்தான். மற்ற தோப்புகளில் எல்லா மரத்துக் கள்ளையும் ஒரே பானையில் கொட்டிவிடுவார்கள். மாடத்தி மரத்துக்கு ஒரு கலயம் வைத்திருந்தாள். ஒன்றில் ஒரு சொட்டு இன்னொன்றில் விழ விடமாட்டாள்.

தலைமை அமைச்சர் உலகளந்தாருக்கும் ஒரு பனந்தோப்பு உண்டு. ஒரு விருந்தில் அதன் கள்ளைச் செவ்வந்தியப்பரிடம் பெருமையாக நீட்டினார். இவர் ஒரு வாய் சுவைத்துவிட்டு, "ஊறுகாய்க்கு ஊற்றலாம்" என்றார். பந்தியே சிரித்தது. உலகளந்தார் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அரசர், "மாடத்தி கள், மாடத்தி கள் என்று உயிரை விடுகிறீரே, எனக்கும் ஒரு கலயம் வரட்டும்" என்றார். வாங்கிவரும் பொறுப்பை உலகளந்தார் தானாகவே ஏற்றுக்கொண்டார். கலயம் வந்தது. அரசர் மடமடவென்று குடித்தார். அவ்வளவுதான், வயிறு கடமுடவென்றது. அன்று அரசர் அரியணையில் உட்கார்ந்த நேரம் ரொம்பக் கொஞ்சம்.

"நாளைப் பொழுது சாய்வதற்குள் அந்த மாடத்தி நாட்டை விட்டுப் போக வேண்டும்! அவள் தோப்பை வெட்டுங்கள்! குடியும் கள்ளும் எங்கே இருந்தாலும், எதில் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும்!" என்று கத்தினார்.

"இந்த ஆணையைச் செவ்வந்தியப்பரே எழுதட்டும், அரசே" என்றார் உலகளந்தார் வாயெல்லாம் பல்லாக. "ஒரு சொல் பிசகக் கூடாது."

சேதி கேட்டு மாடத்தி ஓடிவந்தாள். "கலயத்தக் கழுவாம ஒரு நாளும் வச்சதில்ல சாமி. என்னைய வெரட்டுனாலும் வெரட்டட்டும். எங்கப்பன் கொட்ட போட்டு வளத்த மரம், அத வெட்டச் சொல்லாதீக."

செவ்வந்தியப்பர் எழுத்தாணியைக் கீழே வைத்தார். "நாளைப் பொழுது சாய இன்னும் நேரமிருக்கு மாடத்தி. நீ தோப்பை விட்டு நகராதே" என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை அவை கூடியது. செவ்வந்தியப்பர் ஓலையை விரித்து உரக்க வாசித்தார்.

"எதிரி நடுங்க, யானை சூழ வாழும் எங் அரசர்..."

"நிறுத்தும்!" என்றார் அரசர். "ஒரு யானை எப்படி ஐயா சூழும்? அது என்ன எங்? பல்வலியா?"

"யானையின் வாலில் கள் இருந்தது அரசே, எடுத்துவிட்டேன். எங்கே இருந்தாலும் எடுக்கச் சொன்னது தாங்..." என்று பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"கிண்டல் செய்கிறார், அரசே!" என்று எழுந்தார் உலகளந்தார். "மாடத்தியின் கள் தங்கள் உயிரையே வாங்கப் பார்த்தது. இவருக்கு விளையாட்டு!"

"அந்தக் கலயத்தைக் கொண்டுவரச் சொல்லலாமா?" என்று கேட்டார் செவ்வந்தியப்பர். வந்தது. அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மோந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் அஷ்டகோணலாயிற்று.

"இது மாடத்தி கள் இல்லை. பல மரத்துக் கலப்பு. பானையும் கழுவாத பானை. இறக்கி ஐந்து நாளாவது ஆகியிருக்கும்."

"ஐந்து நாளா? அபாண்டம்!" என்று துள்ளினார் உலகளந்தார். "என் தோப்பில் மூன்று நாளுக்கு மேல் எதையும் வைப்பதே இல்லை!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. துள்ளியவர் மெல்ல உட்கார்ந்தார்.

"உம்மைப் பிறகு கவனிக்கிறேன்" என்றார் அரசர். "ஆனாலும் செவ்வந்தியப்பரே, யார் தோப்புக் கள்ளாக இருந்தால் என்ன, சொன்ன ஆணை சொன்னதுதான். என் குடிமக்களுக்கு அது வேண்டாம். மேலே வாசியும்."

"முடியாது அரசே. அந்தச் சொல்லில்தான் என் எழுத்தாணி நின்றுவிட்டது."

"எந்தச் சொல்லில்?"

"இப்போது தாங்கள் சொன்னீர்களே, குடிமக்கள். அதன் முன்னால் குடி இருந்தது. ஆணைப்படி எடுத்தேன். பின்னால் கள் இருந்தது. அதையும் எடுத்தேன்." ஓலையை அரசரின் முகத்துக்கு நேரே பிடித்தார். "மிஞ்சியது வெறும் 'மக்'. வாய்விட்டுச் சொன்னால் மக்கு. இனி தாங்கள் ஆளப்போவது அதைத்தான்."

கோபமா, சிரிப்பா? அரசரின் மீசை துடித்தது. சிரிப்புதான் முதலில் வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். ஒரு மாதம் மாடத்தியின் கலயங்களைக் கழுவும்படி உலகளந்தாருக்குப் புது ஆணை போட்டார்.

பொழுது சாயும் நேரம். மாடத்தி தோப்பை விட்டு நகரவில்லை. அரசர்தான் அங்கே வந்திருந்தார். செவ்வந்தியப்பரைப் பார்த்துப் பார்த்து அவரும் நுரையை நோக்கினார், கண்ணை மூடினார், ஒரு வாய் எடுத்து உருட்டினார்.

"ஆண்பனை!" என்றார் கம்பீரமாக.

"பொம்பளப் பனை சாமி" என்றாள் மாடத்தி.

அரசர் சளைக்கவில்லை. பட்டையை நீட்டினார். "ஒரு நாள் முழுக்கக் கள் இல்லாமல் இருந்தேன் அல்லவா, அந்த மக்கு இன்னும் இறங்கவில்லை. ஊற்று இன்னொன்று!"